அத்தானின் வலது கை

என் அக்காள் புருஷனைத் துறைமுகத்தில் எல்லோரும் ‘பஞ்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் பஞ்சு மாதிரி இருக்கமாட்டார். வாசற்படியில் தலையைக் குனிந்துதான் உள்ளே வருவார். இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். எத்தனை டன் பெட்டியாக இருந்தாலும் அவர் இறக்கினால் தரையைத் தொட்ட சத்தம் கேட்காது. அதனால் அந்தப் பெயர். நான் அதே கிரேனுக்குக் கீழே நிற்கிற சிக்னல்மேன். பெட்டி எங்கே இறங்கவேண்டும் என்று கைகாட்டுவது என் வேலை. மேலே அவர், கீழே நான் என்று பதினோரு வருஷம் ஓடியிருக்கிறது. இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், மச்சான் தலைக்கு மேலே பாரத்தைத் தொங்கவிடுகிற பாக்கியம் எவனுக்குக் கிடைக்கும் என்று யார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்ததும் அவர்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவருக்கு வலது கை தொப்பென்று விழுந்துவிட்டது. பக்கவாதம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில் காலும் பேச்சும் தப்பித்தன. பேச்சு தப்பித்ததில் உங்க அக்காவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம் என்று படுக்கையிலிருந்தே சொன்னார். வலது கை மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. கிரேனில் பாரத்தை இறக்குகிற லீவர் வலது கைப்பக்கம். அந்தக் கை ஆடாமல் அசையாமல் நகர்ந்தால் அவருக்கு வேலை உண்டு. இல்லையென்றால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். நான் என்ன பச்சைப் பிள்ளையா என்று அதை ஜன்னல் வழியாக வீசினார். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேலே. அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தவள் அலமாரியிலிருந்த பிரெஞ்சு பிரஸ்ஸைக் கையில் எடுத்தாள். காபி போட அக்கா ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்த, தண்டு வைத்த கண்ணாடிக் கூஜா அது. தினமும் காலையில் இதை வலது கையால் அமுக்குங்கள், போதும் என்றாள்.

பார்க்கச் சாதாரண வேலைதான். காபிக்கொட்டையைக் கல்லுப்புப் பருமனுக்கு அரைத்துப் போடவேண்டும். கொதித்த தண்ணீரை அரை நிமிஷம் ஆறவிட்டு ஊற்றி, ஒரு கலக்குக் கலக்கி, மூடி, நாலு நிமிஷம் சும்மா இருக்கவேண்டும். பிறகு சல்லடைத் தட்டு மாட்டிய தண்டை நேராக, மெதுவாக, கீழே இறக்கவேண்டும். நேராக இறங்கினால் தூள் அடியிலேயே அடங்கிவிடும். கை ஆடி, தட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரத்து இடுக்கு வழியாகத் தூள் மேலே வந்துவிடும். தம்ளரில் மண்டி. பால் ஊற்றினால் மண்டி தெரியாது என்று அந்தப் பெண் பாலையும் நிறுத்திவிட்டாள்.

அத்தானுக்கு இது உடனே பிடிபட்டது. ‘கிரேன்தாண்டா இது’ என்று என்னிடம் சொன்னார். முதல் மாதம் முழுக்க மண்டிதான். குடித்துவிட்டு நாக்கை வழித்துத் துப்புவார். துப்பிவிட்டுத் தம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டிருப்பார். போகப் போகச் சவரம் செய்வதை விட்டார். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். கிண்டலும் நின்றுபோனது, அது எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அந்த வாயை மூடினால் போதும் என்று எத்தனையோ தடவை வேண்டிக்கொண்டவர்கள் நாங்கள்.

அப்புறம் ஒரு வாரத்தில் காபி தெளிய ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் தம்ளரில் ஒரு துளி மண்டி இல்லை. மனிதர் சவரம் செய்துகொண்டார், பக்கத்து வீட்டுக்காரரின் நாயை வம்புக்கு இழுத்தார், யார்டு சூப்பர்வைசருக்குப் போன் போட்டு வேலைக்கு வருகிறேன் என்றார். சூப்பர்வைசருக்கு அவர்மேல் பிரியம். வந்து ஒரு பெட்டியை ஏற்றி இறக்கிக் காட்டு, சரியாக இருந்தால் மறுநாளே ஷிப்டு என்று தேதி கொடுத்தார். கீழே கைகாட்ட மச்சானையே போடுங்கள் என்று அத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் தண்டை அமுக்கிவிட்டு முன்னறைக்குப் போய் உட்கார்ந்தார். சூடான கூஜாவைத் தூக்க அவரால் இன்னும் முடியாது. ஊற்றிக் கொண்டுவருவது அக்காவின் வேலை. தண்ணீர் குடிக்கலாம் என்று நான் சமையலறைக்குள் நுழைந்தேன். அக்கா ஒரு மெல்லிய துணியைத் தம்ளரின் வாயில் விரித்து, காபியை அதில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி துடைக்கக் கொடுக்கிற துணி. அதில் கரேலென்று ஒரு பிடி தூள் தங்கியிருந்தது.

என்னக்கா இது என்று நான் கேட்பதற்குள் என் வாயைப் பொத்தினாள்.

“சொல்லிடாதடா. இப்பதான் மனுஷன் சாப்பிடறாரு.”

நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு மட்டும் ஆயிரம் நியாயம் தோன்றியது. கை தேறிக்கொண்டுதானே வருகிறது, பத்து நாளில் இன்னும் தேறும், யார்டுக்குப் போனால் பழகிய லீவர் தானாக வழிக்கு வந்துவிடும். உண்மையைச் சொன்னால் அவர் மறுபடி படுத்துவிடுவார், படுக்கவைத்த பாவி நானாக இருப்பேன். அதுதான் பயம். பெட்டிக்குக் கீழே நிற்கப்போகிறவன் நான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன், ராத்தூக்கம் போனதுதான் மிச்சம்.

அந்த நாளும் வந்தது. காலை ஆறரைக்கு அவரைக் கூட்டிப்போக வீட்டுக்குப் போனேன். அத்தான் யூனிபார்மை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். நாலு நிமிஷத்தைக் கடிகாரத்தில் பார்த்து, எழுந்து, தண்டை அமுக்கினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். பாதி வழியில் கை வெட்டி இழுத்தது. கொஞ்சம் உதறுது, ஆனா காபி சொல்லுமே என்று சிரித்துக்கொண்டே முன்னறைக்குத் திரும்பினார்.

துணியை எடுக்க அக்கா கரண்டி டிராயரைத் திறந்தாள். நான் கூஜாவை எடுத்துக்கொண்டேன். அவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், நான் விடவில்லை. முன்னறைக்கே கொண்டுபோய், அவர் எதிரிலேயே கண்ணாடித் தம்ளரில் ஊற்றினேன்.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் மண்டி இறங்கி, அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் படிந்தது. இன்றைக்கு மட்டும்தானா என்று அத்தான் கேட்டார். அக்கா உள்ளே போய் அந்தத் துணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். எத்தனை தோய்த்தும் போகாத கறை அதில் வட்டமாக இருந்தது. அவர் அதை இடது கையால் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். குரல் ஏறவில்லை.

“நான் மேல இருக்கும்போது கீழ யாரு நிப்பான்னு யோசிச்சியா? உன் தம்பிதான் நிப்பான்.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை என்பதை அவள் முகமே சொன்னது. ஐந்து வாரமாக அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் புருஷன் சாப்பிடுகிறார் என்பது ஒன்றுதான்.

அத்தான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, வரவில்லை என்றார். வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும். எந்த நாளும் வேண்டாம், வேற ஆளைப் போட்டுக்கோங்க என்று சொல்லி வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“பத்து நாளா.”

“தெரிஞ்சுமா கீழ நிக்க வந்த?”

“ஆமா அத்தான்.”

எழுந்து வந்து, வலது கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தார். கை வந்து பட்டது, அவ்வளவுதான். கொஞ்சமும் வலிக்கவில்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.