சோலைக்கிளிக்குச் சரியான பெயர்

நீலகிரியில் கிளென்மார்கன் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்குகிறது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தபோதுதான் ஓடையோரத்து மண்திட்டில் அந்தக் கூட்டைப் பார்த்தேன். பெரணிகளுக்குப் பின்னால் ஒரு பொந்து, உள்ளே பாசி, இரண்டு முட்டைகள். கருநீலச் சிறு பறவை ஒன்று என்னைக் கண்டு எழுந்து, புதருக்குள் நின்று பார்த்தது.

விலங்கியலில் முதுகலை படித்தவள் நான். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பது இந்தச் சோலைக்கிளி இனம், தெற்கே இருப்பது வேறு. இங்கே குழப்பத்துக்கே இடமில்லை. அப்படியும் எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு எதிலும் வரும். மகளின் நெற்றி சூடாக இருந்தால் தெர்மாமீட்டரை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாக்கள் குழுவிலும் கேட்பேன்.

அதேபோல் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டுக் கேட்டேன். எங்கே பார்த்தது என்று சொல்லாத படத்தை அங்கே யாரும் மதிப்பதில்லை. அதனால் இருப்பிடத்தையும் சேர்த்தே அனுப்பினேன். கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் சொல்லக் கூடாது என்பதும் நான் படித்ததுதான். குறிப்பு அரைகுறையாக இருக்கக் கூடாதே என்ற கவலையில் அது பின்னால் போய்விட்டது.

உடனே பதில்கள் வந்தன. இனம் சரிதான், ஆனால் நான் எழுதிய பெயர் பழையதாம். ஒரு காலத்தில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார்கள், பிறகு மாற்றினார்கள், இப்போது சோலைக்கிளிகளுக்கென்று தனிப் பேரினமே உண்டு என்று ஒருவர் விளக்கினார். அழிவின் விளிம்பில் இருப்பது என்று இன்னொருவர் சேர்த்தார். இருவருக்கும் நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழுவிலிருந்து இரண்டு ஜீப்பில் ஆறு பேர் கேமராக்களோடு வந்தார்கள். கூட்டை மறைத்திருந்த பெரணிகளை வெட்டினார்கள். போனில் அதன் குரலைப் போட்டுப் போட்டு அதை வெளியே அழைத்தார்கள். வெட்ட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என்னைவிடத் தெரிந்தவர்களாயிற்றே என்று அடக்கிக்கொண்டு, ஆறு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

அதன்பிறகு மூன்று நாள், காலையும் மாலையும் தூர நின்று பார்த்தேன். பறவை திரும்பவில்லை. நான்காம் நாள் கிட்டே போனேன். ஒரு முட்டையில் எறும்பு மொய்த்திருந்தது. மற்றதைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது லைன் வீட்டு அக்கா விறகுக்கட்டோடு வந்தார். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்.

"ஏனுங்க, உங்க ஊட்டு ஒறம்பரைங்க டீ குடிச்சுட்டு நல்லபடியா போய்ச் சேந்தாங்களாங்க?"

அவர் பொந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"முட்டை வெச்சிருக்குதேன்னு பதினஞ்சு நாளா விறகைத் தூக்கிட்டு மேட்டைச் சுத்தித்தான் போனனுங்க."

அது என்ன பறவை என்று தெரியுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"என்ன குருவியோ, யாரு கண்டா" என்றார்.

அன்று மாலை குழுவில் படங்கள் வந்திருந்தன. பறவையின் கண்ணில் வெளிச்சம்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. கீழே பேரினம், சிற்றினம், அழிவு நிலை எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. இடம் காட்டியதற்கு எனக்கு நன்றியும் போட்டிருந்தார்கள். கூடு கைவிடப்பட்டதை எழுதத் தொடங்கினேன். ஒருவேளை வேறு காரணமாக இருக்குமோ என்று அழித்துவிட்டேன்.

அக்கா இப்போது மேட்டைச் சுற்றுவதில்லை. விறகோடு மண்திட்டை ஒட்டி நேராகவே போகிறார்.