கத்திரிக்காய் மேல் விழுந்த பழி

என் மகளுக்கு எட்டாம் மாதத்தில் கரப்பான் வந்தது. முதலில் இடது கன்னத்தில் ஒரு செந்தடிப்பு. பிறகு காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், முழங்கை மடிப்பில். சொறிந்து சொறிந்து நீர் கசியும், காய்ந்து பொருக்குத் தட்டும், மறுபடி சொறிவாள். இதற்கு யார் காரணம் என்று ஊரே ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது. நான்தான். நான் என்ன தின்றுதொலைத்தேன் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குப் புகையிலைக் கிட்டங்கியில் வேலை. சிப்பம் பிரிப்பார், இலையை உதறித் தரம் பார்ப்பார், கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் பதம் போடுவார். அவருடைய அக்காவைச் சேவுகம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாதம் ஒரு தடவை மதினி பஸ் ஏறி வந்துவிடுவார். வந்ததும் பிள்ளையைத் திருப்பிப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

“கத்திரிக்கா தின்னியா?”

“இல்ல மதினி.”

“கருவாடு?”

“இல்ல.”

“பெறகு எப்படி வரும்? பால்ல இருந்துதான வரணும். வாயக் கட்டணும்த்தா.”

கட்டினேன். கத்திரிக்காய், கருவாடு, முட்டை, கடலை, பூசணி, சோளம் எல்லாம் எனக்கு ஆகாது என்றார்கள். பருப்பும் ரசமும் சுட்ட அப்பளமுமாகக் காலம் போனது. இதில் கொடுமை என்னவென்றால், மதினி வரும்போதெல்லாம் தன் தோட்டத்துக் கத்திரிக்காயைப் பை நிறையக் கொண்டுவருவார். “எந்தம்பிக்கு எண்ணெய்க் கத்திரிக்கா வச்சுக் குடு. நீ தொட்டுறாத” என்பார். நான் அடுப்படியில் நின்று வதக்குவேன், அவர்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உப்பு சரியா என்று கூட நான் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டதோ நான் ஒருத்திதான். அருகம்புல்லை இடித்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பூசினேன். சோப்பை விட்டுவிட்டுப் பாசிப்பயற்று மாவில் குளிப்பாட்டினேன். பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு சின்னப் பை தைத்து, தூங்கும்போது அவள் கைகளுக்கு மாட்டிவிட்டேன். பையோடேயே கன்னத்தைத் தேய்ப்பாள். காலையில் பை ரத்தக் கறையோடு இருக்கும். ஆஸ்பத்திரிக்கு டப்பா கொண்டுபோய் வெள்ளைக் களிம்பு வாங்கி வந்தேன். நான்கு நாள் அடங்கும், ஐந்தாம் நாள் பழைய கதைதான்.

ஒன்றரை வயதில் பால் மறக்கடித்தேன். இனியாவது சோற்றுக்கு ஒரு வெஞ்சனம் கிடைக்கும் என்று நினைத்தேன். அதுவும் கூடாது என்றார் மதினி. நான் தின்னும் கத்திரிக்காய் இனி எந்த வழியாக அவள் கன்னத்துக்குப் போகும் என்று கேட்டேன். “எதுத்துப் பேசாத” என்றார். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு இரண்டரை வயதாகும்போது மதினியின் வீட்டுக்காரர் வரப்பில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அறுப்பு நேரம். கவனித்துக்கொள்ள என் கணவர் பத்து நாள் சேவுகம்பட்டிக்குப் போனார். நான்காம் நாள் பிள்ளையின் கன்னம் காய்ந்திருந்தது. ஆறாம் நாள் கைப்பை இல்லாமலே தூங்கினாள். எனக்குள் ஒரு குறுகுறுப்பு. கால் வீசை கத்திரிக்காய் வாங்கி, எண்ணெயில் வதக்கி, தனியாக உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். அவளுக்கும் ஒரு துண்டு ஊட்டினேன். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் வேலை ஓடவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

பத்தாம் நாள் அவர் வந்தார். மறுநாள் கிட்டங்கிக்குப் போய்விட்டு, சாயங்காலம் எப்போதும் போலப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இடது கன்னத்தை அவர் சட்டையில் வைத்து அவள் சாய்ந்தாள். மூன்றாம் நாள் அந்தக் கன்னத்தில் நீர் கசிந்தது. அன்று அவர் சட்டையை ஊறவைத்தேன். தண்ணீர் புகையிலை நெடியோடு காப்பி நிறத்தில் இறங்கியது. துவைக்கத் துவைக்க என் மணிக்கட்டு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து எரிவதுதான். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தவளும் நான்தான், அந்தக் கோபம் எனக்கு என் மேலும் உண்டு.

மறுநாள் பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் மாற்று வேட்டியும் வைத்தேன். “பின் சந்து வழியா வாங்க. குளிச்சு, துணி மாத்திட்டு அப்புறம் பிள்ளையத் தூக்குங்க” என்றேன்.

அவர் முகம் இருண்டது. எங்கள் பக்கம் அப்படி வாசலில் நிறுத்திக் குளிக்கச் சொல்வது சாவு விழுந்த கேத வீட்டுக்குப் போய் வருகிறவர்களைத்தான். வேலைக்குப் போய்விட்டு வருகிற ஆம்பிளையை நாள் தவறாமல் அப்படி நிறுத்துவது அபசகுனம். இரண்டு நாள் அவர் முன்வாசல் வழியாகவே வந்தார். நானும் இரண்டு நாள் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் உள்ளேயிருந்து அப்பா, அப்பா என்று அழுதாள். மூன்றாம் நாள் பின்னால் வாளிச் சத்தம் கேட்டது.

அந்த மாதம் மதினி வந்து வாளியைப் பார்த்தார். “எந்தம்பி என்ன தெனமும் கேதத்துக்கா போய்ட்டு வாரான்? சம்பாரிச்சுப் போடுறவன வாசல்ல நிப்பாட்டுறியே, நீ நல்லா இருப்பியா?” என்று மூக்கைச் சிந்தினார். நான் பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். “கன்னத்தத் தொட்டுப் பாருங்க மதினி” என்றேன். தொட்டுப் பார்த்தார். அதன் பிறகும் அழுதார்.

கரப்பான் அடியோடு போய்விடவில்லை. பனிக்காலத்தில் முழங்கை மடிப்பில் எட்டிப் பார்க்கும், எண்ணெய் பூசினால் அடங்கும். ஆனால் முகம் தெளிந்துவிட்டது. காதுக்குப் பின்னால் புண்ணாக இருந்ததால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த காதுகுத்தை அவளுடைய ஐந்தாம் வயதில் சேவுகம்பட்டியில் வைத்தோம். பந்தி முடிந்து, என் தம்பியின் மடியில் பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். ஆசாரி காது மடலைப் பிடித்துப் பார்த்து, “தோலு நல்லா இருக்கு” என்றார்.

“இருக்காதா? ரெண்டு வருசம் இவ வாயக் கட்ட வச்சது யாரு? நான்ல” என்றார் மதினி, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

நான் என் கணவரைப் பார்த்தேன். தினமும் பின்வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட மனுஷன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

“நான் வாயக் கட்டுனதுல ஒண்ணும் ஆகல மதினி” என்றேன். “உங்க தம்பி குளிச்சதுலதான் ஆச்சு.”

ஆசாரி, “பிள்ளையக் கெட்டியாப் பிடிங்க” என்று ஊசியை எடுத்தார். குத்தியதும் அவள் வீறிட்டு, மாமன் மடியிலிருந்து இறங்கி அப்பாவிடம் ஓடினாள். இரண்டு கையையும் நீட்டி, ஓரடி தள்ளியே நின்று, அழுகைக்கு நடுவில் கேட்டாள்.

“குளிச்சிட்டியாப்பா?”