சுவர் அலமாரிக்கு இருபத்தைந்தாயிரம்

இருபது வருடங்களுக்கு முன் சவூதியில் வேலை பார்த்த என் கணவர், எங்கள் ஊரான லப்பைக்குடிகாட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் செட் அனுப்பியிருந்தார். நாத்தனார் வீட்டில் இருப்பதுபோலச் சுவரோடு சேர்த்துத் தேக்கு அலமாரி செய்துதான் அதை வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பெரம்பலூர் ஆசாரி அளவெடுத்து, இருபத்தைந்தாயிரம் ஆகும் என்றார். ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு, கணவரிடம் போனில் சொன்னேன்.

விலையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"சரி, செஞ்சுக்க. லீவுக்கு டிக்கெட் எடுக்க வச்சிருந்த காச அனுப்பிடுறேன். நான் அடுத்த வருஷம் வந்துக்கிறேன்."

குரலில் கோபமே இல்லை. எங்கள் மகளை எட்டு மாதக் குழந்தையாக விட்டுப் போனவர் அவர்.

"வேணாங்க, நீங்க வாங்க" என்று அழுதுவிட்டேன்.

மறுநாள் ஆசாரியிடம் அலமாரி வேண்டாம் என்று காரணத்தோடு தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மரமே வாங்கிவிட்டிருந்தார்.

"மரம் வேற வூட்டுக்கு ஆவும்மா. அவர மொதல்ல வரச் சொல்லுங்க" என்று முன்பணத்தை அப்படியே திருப்பித் தந்தார்.

பெருநாளுக்குக் கணவர் வந்தார். ஸ்பீக்கர் பெட்டிகளைத் தரையிலேயே வைத்து இணைத்தார். முதல் நாள் அவரைக் கண்டு ஒளிந்த மகள், மறுநாள் படம் ஓடும்போது அவர் மடியில் தூங்கிப்போனாள். கேட்டதையெல்லாம் தருகிறவர் எதை விட்டுக்கொடுத்துத் தருகிறார் என்று அதுவரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.