நல்லரத்தினத்தின் காதும் உதயரூபனின் புருவமும்

மாசி மாதத்தில் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் ஒரு கதை கிளம்பியது. கராஜ் வைத்திருக்கும் நல்லரத்தினத்துக்கு ஒரு காது செத்துப்போய்விட்டதாம். மீன் விற்கும் இடத்தில் பிறந்த கதை, மரக்கறிப் பக்கம் வருவதற்குள் இரண்டு காதாகிவிட்டது. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆளுக்குக் கண்ணும் மங்கல் என்று வளர்ந்திருந்தது.

இப்படியான கதைகளை அப்படியே நம்பவும் கூடாது, சும்மா விடவும் கூடாது. விசாரித்துப் பார்த்ததில் கண் நல்ல கண். வலது காது முழுதாகப் போய்விட்டது, இடது காது முக்கால்வாசி. ஆக, சந்தை சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு இது வழமையை விட அதிகம்.

வேறு ஒரு மனிதருக்குக் காது போனால் அது அவருடைய வீட்டுப் பிரச்சினை. நல்லரத்தினத்துக்கு அதுதான் கடையின் பெயர்ப்பலகை. முப்பத்தெட்டு வருடமாக அவர் கார்களுக்கு வருத்தம் கண்டுபிடித்தது காதால். காரைக் கொண்டுவந்தவரையே ஓட்டச் சொல்லி, தான் பக்கத்து ஆசனத்தில் ஏறிக்கொள்வார். வயல் வட்டைக்குப் போகும் தரைப்பாலமான தாம்போதி வரைக்கும் ஒரு ஓட்டம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வயல், நடுவில் குண்டும் குழியுமாக ஒரு பாதை. கண்ணாடியை இறக்கிவிட வேண்டும், ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சத்தம் வந்ததும் விரலை உயர்த்துவார். ஒரு விரல் என்றால் முன் இடது சில்லு. இரண்டு விரல் முன் வலது. பின்னால் என்றால் பெருவிரலைத் தோளுக்கு மேலே காட்டுவார். அவ்வளவுதான். காத்தான்குடியில் இருந்தும் கல்குடாவில் இருந்தும் கார்கள் அந்த விரலைத் தேடி வந்தன.

இரும்பை அடித்து அடித்தே காது போனது. மனைவி சீதேவிப்பிள்ளைக்குக்கூட அது உடனே பிடிபடவில்லை. அடுப்படியில் இருந்து கூப்பிட்டால் வரமாட்டார். அது எல்லா ஆண்களுக்கும் உள்ள வருத்தம்தானே என்று இருந்துவிட்டாள். ஒருநாள் அவருக்குப் பின்னால் அலுமினியச் சட்டி விழுந்து உருண்டு போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் விளங்கியது.

"இஞ்சாருங்க, டொக்டரிட்டப் போய் காதுக்கு மெசின் ஒண்டு வாங்கிப் போடுங்களன்" என்றாள், அவருடைய முகத்துக்கு நேரே நின்று.

"மெசின் போட்ட காதுக்கு ஆரு கார் கொண்டு வருவான்? நாளைக்கே கராஜப் பூட்டிப்போட்டு வாவியில நண்டு பிடிக்கப் போகச் சொல்றியா?"

"நண்டுக்குக் காது தேவையில்ல. நல்ல தொழில்தான்."

அவர் சிரிக்கவில்லை. அது கேட்கவில்லையா, பிடிக்கவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

காது இல்லாமலும் இரண்டு வருடம் அவர் தொழிலை ஓட்டியது எப்படி என்பதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு, முன்னால் பாதையைப் பார்ப்பதுபோல இருந்து, ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தார். சொந்தக் காரின் சத்தம் சொந்தக்காரனுக்குப் பல்வலி மாதிரி. வந்த உடனே புருவம் சுருங்கும், உதடு ஒரு பக்கம் இழுபடும். தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துச் சில்லு. இவர் விரலை உயர்த்துவார். பிறகு கராஜில் காரின் கீழே படுத்து, நீளமான ஸ்குரூட்ரைவரின் ஒரு நுனியை இரும்பிலும் மறுநுனியைப் பல்லிலும் வைத்து, அதிர்வைத் தாடையில் வாங்கி மிச்சத்தைக் கண்டுபிடிப்பார். இரண்டு வருடத்தில் இரண்டே இரண்டு பிழை. நல்ல காது இருந்த காலத்திலும் அவ்வளவு பிழை விட்டிருக்கிறார்.

இதைக் கண்டுபிடித்தவன் சதீசன். பெரிய தெருவில் புதிதாகக் கராஜ் திறந்தவன். காரை அப்படியே அந்தரத்தில் தூக்கும் லிஃப்ட், குறை சொல்லும் கொம்பியூட்டர், இருந்து பார்க்க ஏ.சி. அறை எல்லாம் அவனிடம் இருந்தன. இல்லாதது அந்த விரலுக்கு இருந்த மரியாதை மட்டும்தான்.

"மச்சான், கிழவன் காதால கேக்கல்ல. உன்ட மூஞ்சியால கேக்கிறான்" என்று உதயரூபனிடம் சொன்னான். இடம், நல்லரத்தினத்தின் கராஜுக்கு எதிரே இருக்கும் கேதீஸ்வரியின் தேத்தண்ணிக் கடை.

உதயரூபன் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். அவனிடம் இருந்தது இருபது வருடப் பழைய ஜப்பான் கார். புதிய வாகனம் நாட்டுக்குள் வராத காலத்தில் அந்தக் காரின் விலை ஏறிக்கொண்டே போனதால், அவனுக்கு அதன் மேல் பிள்ளைப் பாசம். முன் சில்லுகளைத் தாங்குகிற இரும்புக் கைகளில், றப்பரும் இரும்பு வளையமுமாக இருக்கும் புஷ்கள் தேய்ந்து போயிருந்தன. கம்பனிப் புஷ் வாங்கும் விலைக்கு ஒரு மாடு வாங்கலாம். ஆகவே காத்தான்குடியில் ஸியாமின் கடையில் வேறு புஷ்கள் வாங்கினான். பெட்டியில் ஜப்பான் என்று இருந்தது. உள்ளே இருந்தது எந்த நாடு என்று ஸியாமும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. சதீசன் அவற்றை லிஃப்டில் வைத்துப் பூட்டிக் கொடுத்தான். கார் சத்தமே இல்லாமல் ஓடியது.

சத்தமே இல்லாத அந்தக் காரைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லரத்தினத்திடம் கொண்டுபோனார்கள்.

"மாமா, புதுப் புஷ் போட்ட நாள்ல இருந்து முன்னுக்கு டொக் டொக் எண்டு ஒரு சத்தம். சதீசனுக்கே பிடிபடல்ல. உங்கட காத நம்பித்தான் வந்த நாங்க" என்றான் உதயரூபன், ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து.

சதீசனுக்கே பிடிபடவில்லை என்பதை உதட்டில் இருந்து படித்ததும் நல்லரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். சதீசன் பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டான். கையில் ஃபோன்.

முதல் குழியில் உதயரூபன் புருவத்தைச் சுருக்கி இடப்பக்கம் சாய்ந்தான். ஒரு விரல் உயர்ந்தது. அடுத்த குழியில் வலப்பக்கம். இரண்டு விரல். பின்பக்கம் திரும்பி முகத்தைச் சுளித்தான். பெருவிரல் தோளுக்கு மேலே போனது. பிறகு இடம், வலம், பின், வலம் என்று கணக்கில்லாமல் முகத்தைக் கோணினான். விரல்களும் கூடவே ஏறி இறங்கின. சதீசன் தொப்பியை வாய்க்குள் திணித்துக்கொண்டு ஃபோனை ஆடாமல் பிடித்திருந்தான்.

தாம்போதியின் நடுவில் எருமைகள் குறுக்கே வந்தன. கார் நின்றது. நின்ற காரில் உதயரூபன் இன்னொரு தரம் புருவத்தைச் சுருக்கினான்.

ஒரு விரல் பாதி உயரம் வரை போயிற்று.

அங்கேதான் நல்லரத்தினத்துக்கு விளங்கியது. நின்றுகொண்டிருக்கும் காரில் சில்லுக் கை எப்படித் தட்டும்? தட்டாது. அப்படியானால் இவ்வளவு நேரமும்? பாதி வழியில் நின்ற விரலை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் கொண்டுபோய்த் தலையைச் சொறிந்தார். எருமைகள் போகும் வரைக்கும் சொறிந்துகொண்டே இருந்தார்.

கராஜுக்குத் திரும்பியதும் காரை ஜக்கில் ஏற்றி, கீழே போய்ப் படுத்தார். இனித் தப்ப ஒரே வழிதான் இருந்தது. இந்தக் காரில் உண்மையாகவே ஒரு பிழை இருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடத்தில் எந்தக் காருக்கும் அவர் வருத்தம் வரவேண்டும் என்று வேண்டியதில்லை. அன்றைக்கு வேண்டினார்.

முதல் சந்தேகம் புஷ்ஷின் அளவில். மலிவுச் சாமானில் வெளி வளையம் மயிரிழை சிறுத்திருந்தால் ஓட ஓட இரும்புக் கையை விட்டு நழுவி வரும். வளையத்தின் விளிம்பை நகத்தால் தடவினார். இறுக்கமாக, பொருத்தமாக இருந்தது. ஸியாமின் பெட்டிதான் பொய், சாமான் சரி. அடுத்தது திசை. றப்பரில் உள்ள குழிவு வரவேண்டிய பக்கம் வந்திருந்தது. அதுவும் சரி. ஜக்கை இறக்கி, சில்லுகள் நிலத்தில் பதிந்த பிறகு மறுபடி நுழைந்து, ரோர்ச் அடித்துப் பார்த்தார். வார்ப்பில் விழுந்த மெல்லிய கோடு ஒன்று றப்பரில் நேராக ஓட வேண்டும். அது சரிந்து, முறுகிக் கிடந்தது. விளிம்பில் நூல் போல ஒரு வெடிப்பு.

சதீசனின் லிஃப்ட் செய்த வேலை அது. காரைத் தூக்கியதும் சில்லுகள் தொங்கும், கைகள் கீழே சரியும். அந்த நிலையில் போல்ட்டை முடிவாக இறுக்கக் கூடாது. காரை இறக்கி, அதன் பாரம் சில்லில் விழுந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், ஒருவனின் கழுத்தைத் திருப்பிவைத்துக் கட்டிவிட்டு நேரே பார்த்து நட என்று சொன்னது போலாகும். சத்தம் வராது. ஒன்றிரண்டு மாதத்தில் றப்பர் கிழியும்.

நல்லரத்தினம் காருக்குக் கீழே கிடந்தபடி சிரித்தார். தப்பிவிட்டார்.

வெளியே வந்து பார்த்தால் எதிர்க் கடையில் பத்துப் பேர் ஒரே ஃபோனைச் சுற்றி நின்றார்கள். தெருவைக் கடந்து அவர்களிடம் போனார்.

"தம்பி, சத்தம் இல்ல. ஆனா வரும். புஷ் முறுகி நிக்குது. தொங்கவிட்டு இறுக்கிரிக்கு."

சதீசனின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. தொழில் தெரிந்தவன், விளங்கிவிட்டது. பிறகு முன்னையதை விடப் பலமாகச் சிரித்தான்.

"கேட்டீங்களா? இல்லாத சத்தம் இனி வருமாம்! தாம்போதியில கை முழுக்க விரல் காட்டினீங்களே மாமா, அது என்ன, கிரிக்கெட் அம்பயரா?"

அவர் அவனுடைய உதட்டைப் பார்த்தார். சிரிக்கும் உதட்டைப் படிக்க முடியவில்லை.

"ஓம்" என்றார்.

கடை அதிர்ந்தது. உதயரூபனுக்கு மட்டும் கொஞ்சம் கூச்சம். "அக்கா, மாமாவுக்கு ஒரு பிளேன்ரீ போடுங்க, சீனி கூட" என்றான். கேதீஸ்வரி கொண்டுவந்து கொடுத்தாள். நல்லரத்தினம் கிளாஸை வாங்கி உதயரூபனைப் பார்த்தார்.

"அரை மணித்தியாலம் தாங்க மகன். போல்ட்ட இளக்கி, நிலத்தில வச்சு இறுக்கித் தாறன். காசு வேணாம்."

உதயரூபன் சதீசனைப் பார்த்தான்.

"செவிடன் சொல்லி நான் பூட்டின போல்ட்டக் கழட்டுறதாமா? கழட்டு மச்சான். பிறகு எண்ட வாசலுக்கு வந்திராத" என்றான் சதீசன்.

உதயரூபன் காரில் ஏறினான். கார் போய்விட்டது. கையில் தேத்தண்ணி இருந்தது. நல்லரத்தினம் அதை நின்றபடியே, கடைசித் துளி வரைக்கும் குடித்தார்.

எருமைகளுக்கு முன்னால் பாதி உயர்ந்த விரல் அன்று மாலைக்குள் கட்டார் வரை போய், அங்கே இருக்கும் தம்பி மகன் வழியாகச் சீதேவிப்பிள்ளையின் ஃபோனுக்குத் திரும்பி வந்தது. யாரோ அதற்குப் பாட்டும் சேர்த்திருந்தார்கள். அவள் விறாந்தையில் இருந்து பார்த்தபோது அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். பாட்டும் சிரிப்பும் அவருக்குக் கேட்கவில்லை. படத்தில் தன் விரல் போய் வருவதை மட்டும் பார்த்தார். முடிந்ததும் "திரும்பப் போடு" என்றார். அவள் போடவில்லை.

சித்திரையில் உதயரூபனின் காரில் இடப்பக்கப் புஷ் கிழிந்தது. கார் ஒரு பக்கம் இழுத்தது. புது டயரின் உட்பக்கம் நூல் தெரியத் தேய்ந்துபோயிற்று. சதீசன் பார்த்துவிட்டு, "ஸியாம் நானா தந்த சாமான் சரியில்ல" என்று வேறு கடைப் புஷ் போட்டு, காசும் வாங்கிக்கொண்டான். இந்த முறை காரை இறக்கிவிட்டுத்தான் போல்ட்டை இறுக்கினானாம். அதை யாரிடம் படித்தான் என்று எவரும் கேட்கவில்லை. உதயரூபன் கேட்டிருக்கலாம். கேட்டால், அன்றைக்குக் கழட்ட விடாமல் காரை எடுத்துக்கொண்டு போனது யார் என்ற கேள்வியும் பின்னால் வரும்.

நல்லரத்தினத்தின் கராஜுக்கு இப்போது கார் வருவதில்லை. தண்ணிப் பம்பும் நெல்லுக்கு மருந்தடிக்கும் மெசினும் வருகின்றன. மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதால் காதுக்கு மெசின் வாங்கிப் போட்டுக்கொண்டார். நல்ல மெசின். தெருவில் போகிறவர்கள் "விரல் மாமா" என்று தணிந்த குரலில் சொல்வதுகூடத் தெளிவாகக் கேட்கிறது.

முதல் கிழமையே கேதீஸ்வரியின் கடைக்குப் போய் ஐம்பது ரூபாயை மேசையில் வைத்தார். அன்றைக்குக் குடித்த பிளேன்ரீக்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தார்.

"எடுங்க அதை" என்றாள் அவள். "நீங்களா கேட்டுக் குடிச்ச? போடச் சொன்னவர் தரட்டும்."

சொன்னவர் ஒவ்வொரு நாளும் கந்தோருக்குப் போகும் வழியில் அங்கேதான் குடிக்கிறார். தன்னுடைய ஒரு தேத்தண்ணிக்கு மட்டும் சில்லறையைச் சரியாக எண்ணி வைத்துவிட்டுப் போகிறார்.