மூணாவது ஒயர்

கிழவன் கதை விடுறான்னு நினைக்கிறவங்க இப்பவே எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மூணாங் கிளாஸோட நின்னவன் நான். லாரி ஓட்டிப் பிழைச்சவன். பேய், பிசாசுன்னு யாராவது பேச்செடுத்தா பீடியை அணைச்சிட்டு வேற பக்கம் போயிடுவேன். இல்லாததைக் கட்டிச் சொல்ல எனக்கு மூளை கிடையாது. நடந்தது இது. என் வீட்டுல நடந்தது.

என் வீட்டுக்காரி ஒரு சீரியல் பார்த்துக்கிட்டு இருந்தா. கூட்டத்துல பிள்ளையைத் தொலைச்ச ஒருத்தி வருஷக்கணக்கா ஊர் ஊராத் தேடுறா, அவ்வளவுதான் கதை. நான் கிண்டல் பண்ணுவேன். "பிள்ளையத் தேடுறாளா, புதுசு புதுசா புடவை மாத்துறாளா?"ம்பேன். அவ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா.

அம்மா நினைச்ச நேரத்துல பார்க்கட்டும்னு என் மகன் எல்லாப் பாகத்தையும் ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஹால் மூலையில வச்சான். பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி. ஒயர் எல்லாம் அதுலதான் வந்து சேரும். ஒண்ணு கம்ப்யூட்டருக்கு, ஒண்ணு ஹால் டிவிக்கு. அவ படுக்கையில விழுந்த பிறகு, படுக்குற ரூமுக்கும் ஒரு டிவி வாங்கலாம்னு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி மூணாவதா ஒரு ஒயர் சுவத்துக்குள்ள இழுக்கச் சொன்னான். டிவி வாங்கல. அதுக்குள்ள அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிடுச்சு.

அங்கே என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. "அந்தப் பொம்பளைக்குப் பிள்ளை கிடைக்குதான்னு பார்த்து எனக்குச் சொல்லணும். பாதியில தூங்கிடாதீங்க."

சரின்னேன். நான் அவகிட்ட கடைசியாச் சொன்ன வார்த்தை அதுதான்.

காரியமெல்லாம் முடிஞ்சு மகனும் ஊருக்குப் போயிட்டான். அவ விட்ட இடத்துல இருந்து நான் பார்க்க ஆரம்பிச்சேன். தினம் பொழுது சாய்ஞ்சதும் ஒரு பாகம். பிடிச்சுப் பார்க்கல. வாக்குக் குடுத்தாச்சு, பார்த்தேன்.

கொஞ்ச நாள் ஒழுங்கா ஓடிச்சு. அப்புறம் படம் திக்க ஆரம்பிச்சது. நடுவுல ஒரு வட்டம் வந்து சுத்தும். அழுதுக்கிட்டு இருக்கிறவ வாயைத் திறந்தபடி நிப்பா. மகனுக்குப் போன் போட்டேன்.

"நீ வச்சிட்டுப் போன சனியன் நிக்குதுடா."

"வரவே இல்லையா, நின்னு நின்னு வருதாப்பா?"

"லோடு லாரி மேடு ஏறுற மாதிரி இழுத்து இழுத்து வருது."

எல்லாத்தையும் பிடுங்கி மாட்டச் சொன்னான். மாட்டினேன். ஒயரை மாத்தச் சொன்னான். மாத்தினேன். அதே வட்டம். இருங்கப்பா, நான் இங்கேயிருந்தே பார்க்கிறேன்னான். அவன் எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள எட்டிப் பார்ப்பானாம். எனக்கு அது பிடிக்கிறதில்லை.

போன்ல அவன் கீபோர்டைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு.

"அப்பா... வீட்டுல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன். என் செருப்பு இருக்கு."

"விளையாடாதீங்க. நீங்க பார்க்கிற பாகம் இப்ப ரெண்டு எடத்துல ஓடுது. அந்தப் பழைய கம்ப்யூட்டரால ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு அனுப்ப முடியாது. அதான் திக்குது. பக்கத்து வீட்டுக்கு பாஸ்வேர்டு குடுத்தீங்களா?"

"குடிக்கத் தண்ணி கேட்டாலே யோசிப்பேன்."

ஆனா எனக்கும் பக்கத்து வீட்டுக்காரன் மேலதான் சந்தேகம். பார்த்தா பல்லைக் காட்டுவான், அவ்வளவு சிரிப்பு மனுஷனுக்கு ஆகாது. அன்னைக்கே பாஸ்வேர்டை மாத்தினான் மகன். மறுநாளும் திக்கிச்சு.

"வைஃபைல இல்லப்பா, ஒயர்ல போகுது. அந்தப் பெட்டியில எத்தனை பச்சை விளக்கு எரியுது?"

குனிஞ்சு பார்த்தேன். மூணு.

"மூணாவது ஒயர் அம்மா ரூமுக்கு இழுத்தது. அங்கதான் டிவியே இல்லையே. ஏதோ கோளாறு. அந்த ஒயரப் பிடுங்கி விட்டுடுங்க. நான் அப்புறம் கூப்பிடறேன்."

போனை வச்சிட்டு டிவியைப் பார்த்தேன். மழை வர்ற மாதிரி வெளியே இருட்டிக்கிட்டு இருந்தது. ஹால்ல நான் மட்டும். அப்பதான் ஒண்ணு காதுல பட்டுச்சு.

டிவியில பேசுறது ரெண்டு தடவை கேட்டுச்சு.

முதல்ல டிவியில. ஒரு நொடி கழிச்சு, மெதுவா... மூடிக்கிடந்த ரூம்ல.

எதிரொலின்னு நினைச்சேன். ரூம் காலியாக் கிடந்தா அப்படித்தான் இருக்கும்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். ரிமோட்டை எடுத்தேன். அந்தப் பொம்பளை, "என் பிள்ளைய யாராவது"ன்னு சொன்னப்போ நிறுத்தினேன்.

ஹால் அடங்கிடுச்சு.

ரூமுக்குள்ள இருந்து, "பார்த்தீங்களா..."

அப்புறம் அதுவும் நின்னுச்சு.



எழுந்தேன். கதவைத் தள்ளினேன்.

இருட்டு.

சுருட்டி வச்ச மெத்தை. வெறுங்கட்டில். சுவத்துல ஒயருக்காக மாட்டின வெள்ளைத் தட்டு.

யாரும் இல்லை.

திரும்பி ஓடி வந்து மூணாவது ஒயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைஞ்சது. ரிமோட்டை அமுக்கி ஓட விட்டேன். படம் வழுக்கிக்கிட்டு ஓடிச்சு. ஒரு திக்கல் இல்லை. வட்டம் இல்லை. உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பொம்பளை என்னென்னவோ பேசினா. எனக்கு ஒண்ணும் ஏறல. காது அந்த ரூம் பக்கமே கிடந்தது. அங்கே சத்தம் இல்லை. அவளை எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்கு வீடு எப்படிக் கிடந்ததோ, அப்படிக் கிடந்தது.

அந்த அமைதிதான் எனக்குப் பயத்தை விடப் பெருசாத் தெரிஞ்சது. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

ஒயரைத் திரும்ப மாட்டினேன்.

விளக்கு எரிஞ்சது. ரூம்ல சத்தம் வந்தது. நான் பார்த்துக்கிட்டு இருந்த இடம் இல்லை. நான் பிடுங்கினப்போ விட்ட இடம். ரிமோட்டை எடுத்து நானும் பின்னாடி ஓட்டினேன்.

அதுக்கப்புறம் தினமும் அப்படித்தான். திக்கித் திக்கி ஓடும். நான் தண்ணி குடிக்க எழுந்து நிறுத்தினா அங்கேயும் நிக்கும். சளி பிடிச்சு ரெண்டு மூணு நாள் படுத்துட்டேன். அந்த நாள்ல மூணாவது விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது, சத்தம் மட்டும் வரல. கதவை அதுக்கப்புறம் நான் திறக்கல. மகன் கேட்டா சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

கடைசிப் பாகம் ஒண்ணு மட்டும் பாக்கி நின்னப்போ, என் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. எவனாவது சுவத்துக்குப் பின்னாடி ஒயரை ஒட்டுப் போட்டு என்னை முட்டாளாக்குறானோ? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒயர் இழுத்த அதே ஆள். நல்ல வெயில் நேரம். ரூமுக்குள்ள போய்த் தட்டைக் கழட்டுய்யான்னேன்.

அவன் கழட்டல. தலையைச் சொறிஞ்சான்.

"கழட்டினா பின்னாடி ஒண்ணும் இருக்காதுங்க."

"என்னது?"

"அன்னிக்கு அம்மா அசந்து தூங்கிட்டு இருந்தாங்க. வலியில ராத்திரி பூரா முழிச்சிருந்தாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. டிரில் போட்டா எழுந்திடுவாங்களேன்னு தட்ட மட்டும் திருகிட்டு, ஒயர ஹால் பக்கத்துச் சுவத்துக்குள்ளயே மடக்கி விட்டுட்டேன். மறுநாள் வந்து முடிச்சிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிட்டீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தட்டைக் கழட்டினான். பின்னாடி வெறும் சிமெண்டு. ஓட்டைகூட இல்லை. ஹாலுக்கு வந்து பெட்டிக்கு மேல இருந்த மூடியைத் திறந்து, விரலை விட்டு ஒயரை வெளியே இழுத்தான். ஒரு சாண்தான் வந்தது. முனை கத்தரிச்சபடியே இருந்தது.

"இந்த விளக்கு எப்ப எரியும்?"ன்னு கேட்டேன்.

"அந்த முனையில ஏதாவது மாட்டியிருந்தா எரியும்."

அப்பதான் அவன் குனிஞ்சு பெட்டியைப் பார்த்தான்.

கத்தரிச்ச முனை அவன் கையிலதான் இருந்தது. மூணாவது விளக்கு பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருந்தது.

அவன் ஒயரை மெதுவாக் கீழே வச்சான். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போனவன்தான். கூப்பிட்டா இப்போ போனை எடுக்கிறதில்லை.

ஒயரை நானே பத்திரமா உள்ளே தள்ளி மூடினேன்.

மகன் தினமும் பேசுறான். "அந்தக் கடைசிப் பாகத்தப் பார்த்தாச்சாப்பா? பிள்ளை கிடைச்சுதா?"ன்னு கேட்கிறான்.

நாளைக்குப் பார்க்கிறேண்டாங்கிறேன்.

இன்னைக்கும் அதைத்தான் சொன்னேன்.