சித்தி நீட்டிய காகிதம்

எனக்கு ஒன்பது வயதில் என் சித்தி தேர்தலில் நின்றார். மட்டாஞ்சேரியில் எங்கள் வார்டு அந்த முறை பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சித்திக்குக் கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலை. எங்கள் சந்தில் குழாய் வற்றிய கோடையில், அக்கம்பக்கத்துப் பெண்களைக் காலிக் குடங்களோடு மாநகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப்போய், அதிகாரி வெளியே வரும்வரை வாசற்படியை விட்டு எழுந்திருக்காதவர். அதன்பிறகு, நீங்கள்தான் வேட்பாளர் என்று கட்சிக்காரர்கள் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பட்டியல் வந்தபோது கிடங்கு முதலாளியின் தம்பி மனைவி பெயர் இருந்தது. அந்த அம்மாள் எங்கள் சந்துக்குள் கால்வைத்ததை யாரும் பார்த்ததில்லை. சித்தி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு போய், சுயேச்சையாக மனு கொடுத்துவிட்டு மதியம் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

சித்தப்பா மாநகராட்சியில் துப்புரவுப் பணியாளர். பல வருடங்களாகத் தற்காலிகம். அந்த வருடம் கட்சிக்காரர்கள் தயவில் நிரந்தரமாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். சித்தி மனு கொடுத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மனுவைத் திரும்பப் பெறுவதற்கான கடைசி நாள் காலையில், கட்சியின் வார்டுச் செயலாளரைச் சித்தப்பாவே வீட்டுக்கு அழைத்து வந்தார். வந்தவர் நலம் விசாரித்தார், என் கன்னத்தைத் தட்டினார், பிறகு சட்டைப்பையிலிருந்து மலையாளத்தில் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

“மனுவுல பேரு எழுதினதுல ஒரு சின்ன தெத்து சேச்சி. இங்க ஒரு ஒப்பு போட்டா மதி. நானே ஆபீஸ்ல கொடுத்துடுறேன்.”

ஒரு கையெழுத்துப் போட்டால் பிழை சரியாகிவிடும் என்கிறார். சித்தி காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். நான் மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழில் என் பெயரை எழுதவே தடுமாறுவேன். மலையாள வாசிப்பிலோ பரிசு வாங்கியிருந்தேன்.

“மோளே, இத உரக்க வாசி.”

குழந்தையை எதற்குச் சிரமப்படுத்துகிறீர்கள், நானே சொல்கிறேனே என்றார் செயலாளர். அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் நீண்ட நீண்ட சொற்கள், பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் எதிலும் நாக்கு இடறவில்லை. என் சொந்த விருப்பத்தின்பேரில் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்பது கடைசி வரி. பள்ளியில் போல யாராவது பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

செயலாளர் காகிதத்தை என் கையிலிருந்து உருவிக்கொண்டு செருப்பைத் தேடினார். சித்தப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சித்தி அவர் முன்னால் சாயாவை வைத்தார்.

“குடிங்க. நான் நிக்கத்தான் போறேன். உங்க வேலை போனாலும் என் வேலை இருக்கு.”

அந்தத் தேர்தலில் சித்தி தோற்றார். சித்தப்பாவும் நிரந்தரமாகவில்லை. தோற்ற மறுவாரமே சித்தி எந்தெந்த வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒவ்வொரு வாசலாகக் கேட்கக் கிளம்பிவிட்டார். ஐந்து வருடம் கேட்டார். அடுத்த தேர்தலில் சுவரொட்டி ஒட்டியது சித்தப்பாதான். வாளிச் சின்னத்தில் சித்தி ஜெயித்தார்.

நான் கல்லூரியில் படித்தபோது, சித்தி ஒரு மலையாளக் கோப்பைப் படித்து ஓரத்தில் குறிப்பெழுதுவதைப் பார்த்து, எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். மூட்டையில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாமல் கிடங்கில் எப்படி வேலை பார்ப்பதாம்? நான் பிறப்பதற்கு முன்பே தெரியுமாம்.

அப்படியானால் அன்றைக்கு என்னை எதற்கு வாசிக்கச் சொன்னீர்கள் என்றேன். சித்தி கோப்பை மூடினார்.

“உன் சித்தப்பா நடுவுல நிறுத்தச் சொல்லுவாருன்னு பாத்தேன்டி.”

நானோ பரிசு வாங்கிய பெருமையில், மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கடைசி வரிவரை வாசித்திருந்தேன்.