சாட்சிக் கையெழுத்து

பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலேதான் வீடு. பெரியப்பா இறந்த வருடம், தாயில்லாத தங்கை மகள் அங்கே துணைக்கு வந்து சேர்ந்தாள். ஓசையில்லாமல் நடப்பாள் என்பதால் பெரியம்மா அவளைப் பூனை என்று கூப்பிட, கடைக்கு வருகிறவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

"வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் செருமித் தொலைடி. உயில் எழுதுறதுக்குள்ள நெஞ்சடைச்சுப் போயிடுவேன் போல."

பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு பூனை தையல் வேலையை விட்டாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் அவள்தான். வந்த வரன்களும் வந்த வழியே போயின.

பெரியம்மா தன் பங்கீட்டைத் தம்பியின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். வீடு பூனைக்கு. கடையை விற்று வருவது பார்வையற்றோர் பள்ளிக்கு. மிச்சம் எதுவானாலும், நோய் முற்றியவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்துக்கு.

"கூடப்பொறந்தவன் நான் ஒருத்தன் இருக்கேன்க்கா," என்றார் மாமா.

"இருக்கியா? நான் படுத்ததுலேர்ந்து கண்ணுலயே படலையே."

மாமா செருப்பைத் தேடினார். பூனைக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு, கடையையும் தனக்கே தந்தால் என்ன என்று கேட்டேவிட்டாள்.

"உங்க பெரியப்பா அந்த இல்லத்துலதான் அலறாமச் செத்தாரு. இந்தக் கடையிலதான் எனக்குச் சோறு. ரெண்டுக்கும் நான் ஏதாவது செய்யணும்டி," என்றாள் பெரியம்மா.

பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்தது; உயிலில் கையெழுத்தும் அங்கேதான் நடந்தது. வக்கீல் வரவில்லை, குமாஸ்தாவை அனுப்பியிருந்தார். இரண்டு சாட்சி வேண்டும். பக்கத்துக் கட்டில் நோயாளியின் கணவர் ஒன்று போட்டார். நர்ஸ் தனக்கு அனுமதியில்லை என்று நகர்ந்துவிட்டாள். பார்வையாளர் நேரம் முடியும் மணி அடித்தது.

"நீங்களே போட்டுடுங்கம்மா, யாரு போட்டா என்ன," என்றார் குமாஸ்தா.

பூனை போட்டாள். பெரியம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, "கோழி கிண்டுன மாதிரி இருக்கு," என்றாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் வக்கீல் கூப்பிட்டனுப்பினார்.

"சொத்து வாங்குறவங்களே சாட்சி போட்டா அவங்க பங்கு செல்லாதும்மா. வீடு இப்ப மிச்சத்துல சேர்ந்துடும். அது இல்லத்துக்குத்தான்."

"உங்க ஆளுதானே சார் போடச் சொன்னாரு?"

"அவரை அப்பவே வேலையை விட்டு அனுப்பிட்டேன்," என்றார், அதோடு கணக்குத் தீர்ந்ததைப் போல.

மறுநாள் மாமா வந்தார். குரலில் தேன். "அக்காவுக்கு அன்னிக்கு நினைவே சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. மொத்த உயிலும் விழுந்துடும். ஆளுக்குப் பாதி."

ஆசை இல்லாமல் இல்லை. வக்கீல் ஆபீஸ் படிவரைக்கும் அவருடன் போனாள். அங்கே கால் நின்றுவிட்டது.

"என் கையெழுத்தைக் கிண்டல் பண்ணாங்க மாமா. அவங்களைப் போய்ப் புத்தி கெட்டவங்கன்னு எப்படிச் சொல்ல?"

"அப்ப நடுத்தெருவுல நில்லு." அதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

இல்லத்தின் மேலாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார்: "எங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா தர்மத்துக்கு வந்த சொத்தை நாங்களா விட்டுக்கொடுக்க சட்டம் விடாதும்மா. நிதானமா காலி பண்ணுங்க."

"வித்து என்ன செய்வீங்க?"

"இன்னும் சில கட்டில் போடலாம். வெளியில நிறையப் பேர் காத்திருக்காங்க."

அதற்குமேல் யாரிடம் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். நான்கு பேர் தங்கும் அறையில் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. கதை தெரிந்த ஒருத்தி, "பெரிய புண்ணியம் பண்ணியிருக்கே," என்றபோது மெஷினை நிறுத்தினாள்.

"நான் குடுக்கலை. என்கிட்டேர்ந்து போச்சு. ரெண்டும் ஒண்ணில்ல."

மறுபடி மெஷினை மிதித்தாள்.